கில்லெமாட் ஏன் எல்லா இறகையும் ஒரே நேரத்துல கொட்டுது? – கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

நான் கடலூர் தேவனாம்பட்டினம். என் மச்சான் ஸ்காட்லாந்து பக்கம் ஆயில் ரிக்குல வேலை பாக்குறான். ஆகஸ்ட் மாசம் சப்ளை போட்லேர்ந்து ஒரு போட்டோ அனுப்பிச்சான், கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, முகம் மட்டும் கருப்பும் வெள்ளையுமா திட்டுத்திட்டா ஒரு பறவை, பக்கத்துல ஒரு குஞ்சு. இது கில்லெமாட், இறக்கை இறகெல்லாம் ஒட்டுமொத்தமா கொட்டிப்போச்சு, இப்ப இதால பறக்க முடியாதுன்னு அங்க இருக்குறவங்க சொன்னாங்களாம். கோழி, காக்கா எல்லாம் ஒண்ணு ஒண்ணாத்தானே உதிர்க்குது, நடுக்கடல்ல இருந்துக்கிட்டு இது மட்டும் ஏன் இப்படி பைத்தியக்காரத்தனம் பண்ணுது? எங்க ஊர் நீர்க்காகம் இறக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குதே, அதுவும் இறகு கொட்டுறதாலயா? அந்த முகம் ஏன் அப்படி இருக்கு? இந்த மாதிரி பறவை வலையில மாட்டாதா? நேரம் கிடைச்சா எழுதுங்க.

குமரன்

குமரன் தம்பிக்கு,

மச்சான்கிட்ட சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கில்லெமாட் முட்டை, குஞ்சு வேலையெல்லாம் முடிஞ்சு கடல்ல இறங்கினதும், பறக்குறதுக்கான பெரிய இறகு அத்தனையையும் கொட்டிடும், புதுசு வளர்ந்து மறுபடி மேல எழும்ப ஒன்றரை மாசத்துலேர்ந்து ரெண்டு மாசம் ஆகும்.

இறகு உயிரில்லாத பொருள் தம்பி. நம்ம நகத்துல இருக்குற மாதிரி கெரட்டின்னு ஒரு வகைப் புரதம்தான், வெயில்லயும் உப்புத் தண்ணியிலயும் உரசி உரசி தேஞ்சா ரிப்பேரே பண்ண முடியாது, மாத்தித்தான் ஆகணும். வீட்டுக் கோழிக்கு புது இறகு முளைக்கிறப்ப பிடிச்சுப் பாத்திருந்தீங்கன்னா தெரியும், தோல்லேர்ந்து நீலமா ஒரு குழாய் வரும், உள்ள ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், தெரியாம ஒடிச்சுட்டா ரத்தம் நிக்காம வரும். நுனியில உறை பொரிஞ்சு பொரிஞ்சு விழ விழ இறகு விரியும், முழுசா வளர்ந்ததும் ரத்த ஓட்டம் நின்னுடும். ஒரு நாளைக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், அதனால நீளமான இறகுன்னா வாரக்கணக்குல ஆகும், அவசரப்படுத்த வழியே இல்ல.

காக்காய்க்கு இது பிரச்சனையே இல்ல, ஏன்னா அதோட உடம்புக்கு இறக்கை தாராளம், நடுவுல ரெண்டு இறகு இல்லன்னாலும் சமாளிச்சுப் பறந்துடும். கில்லெமாட் கதை வேற. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை, ஆனா இறக்கை சின்னது, ஏன்னா அதே இறக்கைய வச்சுத்தான் தண்ணிக்குள்ளயும் துடுப்பு போடுது, நூறு மீட்டருக்கும் கீழ போய் மீன் பிடிக்குது. தண்ணிக்குள்ள இறக்கை சின்னதா இருந்தாத்தான் நல்லது, காத்துல பெருசா இருந்தாத்தான் நல்லது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட பறவை இது. அதனால மேல எழும்பிட்டா இறக்கைய நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருக்கணும், பருந்து மாதிரி மிதக்கவே முடியாது. இதோட பங்காளி, தடிச்ச அலகு உள்ள கில்லெமாட்ட வச்சு 2013-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அது பறக்கும்போது சும்மா இருக்கும்போது ஆகுறதைப் போல 31 மடங்கு சக்தி செலவு பண்ணுதுன்னு கணக்கு போட்டாங்க. ஏற்கனவே இப்படி இழுபறியில பறக்குறதுக்கு நாலு இறகு குறைஞ்சா என்ன ஆகும்? எழும்பவே முடியாது. ஒண்ணு ஒண்ணா உதிர்த்தா மாசக்கணக்குல அந்த ரெண்டுங்கெட்டான் நிலைமைதான், மொத்தமா கொட்டிட்டா ரெண்டு மாசத்துல வேலை முடிஞ்சுடும். தண்ணிக்குள்ள இறக்கை குட்டையானா பெரிய நஷ்டமும் இல்ல, சாப்பாட்டுக்கு முங்கினா போதும்.

நேரம் பாக்குறதுலயும் கெட்டிக்காரத்தனம் இருக்கு. இதோட குஞ்சு மூணு வாரம் ஆனதுமே, பறக்கவே தெரியாத வயசுல, உயரமான பாறையிலேர்ந்து கடலுக்குக் குதிச்சுடும். கீழ அப்பன்காரன் காத்திருப்பான், அங்கேர்ந்து அப்பனும் குஞ்சும் நீந்தியே கடலுக்குள்ள போயிடுவாங்க, அடுத்த ஒண்ணு ரெண்டு மாசம் ஊட்டி வளக்குறதெல்லாம் அப்பன்தான், அம்மா கூட வராது. குஞ்சை விட்டுட்டு எங்கயும் பறக்க முடியாத அந்த நாள்லதான் அப்பன் இறகையும் மாத்திக்குறான். நம்ம பக்கம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல, எப்படியும் கடலுக்குப் போக முடியாதுன்னு போட்ட கரையேத்தி பலகை மாத்தி பெயின்ட் அடிச்சு வலையும் பின்னிடுறீங்கல்ல, அப்படித்தான். மச்சான் போட்டோவுல இருக்குறது அனேகமா அப்பனும் குஞ்சும்தான்.

எல்லாரும் இதே நேரத்துலயே பண்றாங்கன்னு இல்ல. பஃபின்னு ஒண்ணு இருக்கு, கலர் கலரா அலகு, காலண்டர்ல எல்லாம் வருமே, அதுவும் மொத்தமாத்தான் கொட்டும், ஆனா குளிர்காலத்துல நடுக்கடல்ல வச்சு. இன்னொன்னு, கோடையில பாக்குற அந்தக் கலர் அலகுல வெளிப்பக்கத் தகடெல்லாம் சீசன் முடிஞ்சதும் கழண்டு விழுந்துடும், அலகு சின்னதாயிடும், முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். அப்ப பாத்தா அதே பறவைன்னு நம்ப மாட்டீங்க. பெங்குவின் கேஸ் இன்னும் மோசம், அதுக்கு உடம்பு இறகே மொத்தமா மாறணும், அதுவரைக்கும் குளிர் தாங்காது, கடல்ல இறங்க முடியாம கரையில பட்டினியா நிக்கும். கிங் பெங்குவின் ஒரு மாசம் போல நிக்கும், உடம்பு எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல கரைஞ்சுடும்.

முகத்துக்கு வருவோம். கில்லெமாட்டுக்கு கோடையில தலையும் கழுத்தும் முழுக்க கரும்பழுப்பு, குளிர்காலத்துல கன்னமும் தொண்டையும் வெள்ளை. பழைய இறகுல சாயம் மாறாது, ஒவ்வொரு இறகா விழுந்து புது நிறத்துல முளைக்கணும், ஆகஸ்ட்ல அது பாதியில நிக்கும், அதான் திட்டுத்திட்டா தெரியுது. இதைப் பாக்க ஸ்காட்லாந்து போகவே வேணாம். குளிர்காலத்துல நம்ம கடலூர் துறைமுகத்துல பழுப்புத்தலைக் கடற்காகம் கூட்டமா வருதுல்ல, வந்த புதுசுல தலை வெள்ளை, காதுகிட்ட ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும், ஊருக்குக் கிளம்புற மார்ச் ஏப்ரல்ல பாத்தா பாதிக்கு தலை முழுக்க பழுப்பு, மீதிக்கு அங்கங்க. பேரே தலைய வச்சுத்தான், ஆனா நம்ம பாக்குற நாள்ல பாதிக்கு மேல அந்தத் தலையே இருக்காது, என்னத்த சொல்ல.

நீர்க்காகம் இறக்கைய விரிக்கிறது வேற விஷயம், அது பெரும்பாலும் காயவைக்கத்தான். அதோட இறகுல ஓரம் தண்ணிய குடிச்சுக்கும், முங்குறதுக்கு அது உதவும், மேல வந்தா ஈரம் போகணும். அது மொத்தமா கொட்டவே கொட்டாது, ராத்திரிக்கு மரத்துல அடையணும், மரத்துலதான் கூடும் கட்டணும், பறக்க முடியலன்னா மரம் ஏறுறது எப்படி? அதனால இறக்கையில ரெண்டு மூணு இடத்துல ஒண்ணு ஒண்ணா, வருஷம் பூரா மாத்திக்கிட்டே இருக்கும். தலைக்கு மேல பறக்குறப்ப பாருங்க, இறக்கை ஓரத்துல ஒரு இடைவெளி தெரியும், அது பக்கத்துல புது இறகு பளபளன்னு கருப்பா, பழசு வெளுத்துப்போய் பழுப்பா இருக்கும். கூடு கட்டுற சீசன்ல சின்ன நீர்க்காகத்துக்கு கன்னத்துல வெள்ளைப் பொட்டு பொட்டா மெல்லிசான இறகு வரும், சீக்கிரமே உதிர்ந்தும் போயிடும், சீசன் இல்லாத நாள்ல தொண்டை வெளுப்பா இருக்கும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கில்லெமாட் பண்ற அதே வேலைய நம்ம ஏரியிலயே ஒருத்தன் பண்றான், யாரும் கண்டுக்குறதே இல்ல. முக்குளிப்பான்தான் அது. ஊசுட்டேரியில, உங்க பக்கம் பெருமாள் ஏரியில, ஏன் தாமரைக்குளத்துல கூட கையளவு இருந்துக்கிட்டு டபக்குனு முங்குமே. சீசன்ல கழுத்து செங்கல் நிறம், வாயோரம் மஞ்சளா ஒரு பொட்டு, மத்த நாள்ல மண்ணு நிறம். அதுவும் இறக்கை இறகை மொத்தமா கொட்டிட்டு மூணு நாலு வாரம் பறக்காம கிடக்கும். ஆபத்துன்னா எப்பவுமே முங்கித்தான் தப்பிக்கும், அதனால பறக்க முடியாததே நமக்குத் தெரியாது. பைனாகுலர் இருந்தா, அது தண்ணியில எழும்பி நின்னு இறக்கைய உதறுற நேரமா பாருங்க, ரெண்டு பக்கமும் குட்டையா மொண்ணையா இருந்துச்சுன்னா அந்த நேரம்தான். நீர்க்காகத்தோட சொந்தமான பாம்புத்தாரா குடும்பத்துலயும் இந்தப் பழக்கம் உண்டு, அமெரிக்காவுல இருக்குற அன்ஹிங்கா இப்படித்தான் மொத்தமா கொட்டும்.

வலை பத்திக் கேட்டிருந்தீங்க. மாட்டும், நிறையவே மாட்டும். மீனைத் துரத்திக்கிட்டு தண்ணிக்குள்ள நீந்துற பறவைக்கு செவுள் வலை கண்ணுக்கே தெரியாது, மாட்டினா மூச்சு முட்டிச் செத்துடும், பறக்குற இறகு இருந்தாலும் இல்லன்னாலும் அது ஒண்ணுதான். கலிபோர்னியாவுல 1980-கள்ல அப்படி கில்லெமாட் ஏகப்பட்டது செத்து, பெரிய சண்டையாகி, கடைசியில கரையோரத்துல ஆழம் குறைஞ்ச கடல்ல அந்த வலை போடுறதுக்கே தடை கொண்டுவந்தாங்க. நம்ம வங்காள விரிகுடாவுல கில்லெமாட், பஃபின் எதுவுமே கிடையாது. ஆனா ஏரியில போடுற வலையில முக்குளிப்பானும் நீர்க்காகமும் மாட்டுறது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், உயிரோட இருந்தா வலைய அறுத்தாவது விட்டுடுங்க தம்பி, ஒரு கண்ணி போனா பின்னிக்கலாம்.

மச்சான்கிட்ட ஜனவரியில ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. கில்லெமாட்டுல சிலது குளிர்காலம் முடியுறதுக்கு முன்னாடியே கருப்பு முகத்துக்கு மாறிடும், அவன் இருக்குற இடத்துல எப்படின்னு எனக்கும் பாக்கணும்.