அப்பாவையே யாரென்று கேட்கிறது கேமரா: கேள்வி பதில்

செங்கோட்டையில் கேமரா மாட்டுகிற வேலை எனக்கு, பதினாலு வருஷமாகிறது. வீட்டுக் கேமராவின் முக அடையாளம் பற்றி மட்டும் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். வந்தவற்றுக்கு என்னால் முடிந்தவரை பதில்.

புளியரை: அண்ணாச்சி, வீட்டில் எல்லார் முகத்தையும் ஆப்பில் ஏற்றிவிட்டோம். ஆனாலும் வாசலுக்கு யார் வந்தாலும் "தெரியாத நபர்" என்றுதான் அலர்ட் வருகிறது. கேமரா மாடி சன்ஷேடில், சுமார் 12 அடி உயரத்தில் இருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

செட்டிங் எதையும் தொடாதீர்கள். அலர்ட் வந்த ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். வந்தது யார் என்று உங்களுக்கே தெரிகிறதா? உச்சந்தலையும் மூக்கு நுனியும் மட்டும் தெரிந்தால் கேமரா என்ன செய்யும், பாவம். 12 அடி உயரத்திலிருந்து, ஆறடி தள்ளி நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட 45 டிகிரிக்கு மேல் சாய்வு வரும். முகம் அடையாளம் காண 15 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கேமராவை ஏழடிக்கு இறக்கி, வருகிறவர் எட்டடி தூரத்தில் நேராகப் பார்க்கிற இடத்தில், கதவு நிலைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். யாராவது கை வைத்துத் திருப்பிவிடுவார்களே என்று பயமாக இருந்தால் மேலே இருப்பது அப்படியே இருக்கட்டும், அது ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும். முகத்துக்குத் தனியாக ஒன்று கீழே.

இன்னொன்று. டப்பாவில் "முகம் கண்டறிதல்" என்று போட்டிருந்தால் அது முகம் ஒன்று இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், யாருடைய முகம் என்று சொல்லாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கியவர்கள் வாரத்துக்கு ரெண்டு பேராவது கடைக்கு வருகிறார்கள்.

புனலூர்: கேரளாப் பக்கத்திலிருந்து கேட்கலாமா? கேட்டுக்கும் கேமராவுக்கும் 25 அடி. 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ். கேட்டில் நிற்கும்போதே ஆளைச் சொல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது, தாராளமாகக் கேளுங்கள். இது நல்ல கேள்வி, கணக்கே போட்டுக் காட்டுகிறேன். ஆளை உறுதியாக அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. மனித முகம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் அகலம், அதாவது முகத்துக்கு 40 பிக்சல். உங்கள் கேமராப் படம் 1920 பிக்சல் அகலம். 2.8 லென்ஸ் நன்றாக விரிந்து பார்க்கும், 25 அடி தூரத்தில் அது பிடிக்கிற அகலம் 16 மீட்டர் போல வரும். அப்படியென்றால் மீட்டருக்கு 120 பிக்சல், முகத்துக்கு இருபதுகூடத் தேறாது. கூட்டிக் கழித்தால் அந்த லென்ஸுக்குப் பன்னிரண்டடிதான் எல்லை. அதே இடத்தில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் அகலம் ஏழு மீட்டராகச் சுருங்கும், பிக்சல் 270க்கு மேல் போகும், வேலை முடிந்தது. முற்றத்தின் ஓரங்கள் தெரியாது, அதுக்குப் பழைய கேமரா இருக்கட்டும். 8 மெகாபிக்சல் வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் லென்ஸ் எத்தனை மி.மீ. என்று திருப்பிக் கேளுங்கள்.

கடையநல்லூர்: வாசல் மேற்கு பார்த்தது. சாயங்காலம் வருகிற எல்லோரும் கரிக்கட்டையாகத் தெரிகிறார்கள்.

கேமரா வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கிறது, முகத்துக்குப் பின்னால் சூரியன். வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்கிற டபிள்யூடிஆர் என்ற வசதி இருந்தால் போடுங்கள், ஓரளவு சரியாகும். முழுசாகச் சரியாக வேண்டுமானால் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

பாவூர்சத்திரம்: பாஸ்வேர்டுக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லை, ஆனாலும் எல்லாரிடமும் கேட்பேன். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பிடித்த சாதனங்களில் பெரும்பகுதி கம்பெனிப் பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராவும், படத்தைப் பதிந்து வைக்கிற டிவிஆர் பெட்டியும்தான். உங்கள் வீட்டுக் குழந்தைகளின் முகமும் பெயரும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

அச்சன்புதூர்: அண்ணாச்சி, கார்த்திகை ஒன்றாம் தேதி என் வீட்டுக்காரர் மாலை போட்டார். பத்து நாளிலேயே கேமரா அவரைத் தெரியாத நபர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. தினமும் விடியக்காலை நாலரை மணிக்கு என் போன் கத்துகிறது. தாடிதான் காரணமா?

அக்கா, நாலரை மணி என்று சொன்னீர்களே, பதில் அதில் இருக்கிறது. தாடி இல்லை, இருட்டு. விளக்கில்லாத நேரத்தில் கேமரா அகச்சிவப்பு ஒளிக்கு மாறிவிடும். அப்போது படம் கறுப்பு வெள்ளை, கிட்டே வருகிற முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிடும். ஒன்று பார்த்திருப்பீர்கள், அவர் கட்டுகிற கறுப்பு வேட்டிகூட பல நேரம் அதில் வெள்ளையாகத் தெரியும், பாலியஸ்டர் கலந்த துணியென்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் ஏற்றிய படம் பகலில் எடுத்தது. மாலை போடுவதற்கு முன்னால் அவர் அந்த நேரத்தில் வெளியே போனதே இல்லையல்லவா? வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரியட்டும். கேமராவும் கலரிலேயே இருக்கும்.

தென்காசி (இதே தொழில்காரர்): தப்பு. தாடிதான். தாடை மூடினால் கேமராவுக்கு அளவே கிடைக்காது. மாஸ்க் போட்டால் மென்பொருளைப் பொறுத்துப் பிழை 5 முதல் 50 சதவீதம் வரை வருகிறது என்று அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர ஆய்வு அமைப்பு 2020லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறது.

சொன்னது உண்மைதான், அதைக் கொண்டுவந்து பொருத்திய இடம் தப்பு. மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும். தாடி மூக்கை விட்டுவிடும், கண்ணை விட்டுவிடும். இப்போதைய மென்பொருள் தாடையை ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. முகத்தை ஒரு வரிசை எண்களாக மாற்றுகிறது, 2015இல் கூகுள் காட்டிய ஃபேஸ்நெட்டில் 128 எண்கள். இரண்டு படங்களின் எண்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

என் மச்சினன் போன வருஷம் மாலை போட்டபோது என் வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டேன். முப்பது நாள் தாடி. பகல் பத்து மணிக்கு வந்தான், பெயர் சரியாக வந்தது. அதே ஆள், அதே தாடி, காலை நாலரைக்குத் தெரியாத நபர். மலைக்குப் போய்வந்து மழுங்கச் சிரைத்த பிறகு நாலரைக்கு வரச்சொன்னேன், திட்டிக்கொண்டே வந்தான். அப்போதும் தெரியாத நபர்தான்.

தென்காசி: உங்கள் மச்சினனுக்குத் தாடி அடர்த்தி கிடையாது, எனக்குத் தெரியும்.

அதைப் பொங்கலுக்கு அவனிடமே சொல்லுங்கள்.

ஆரியங்காவு: எங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவரை தாடி. ஐந்து வருஷப் பழைய கேமரா. பட்டப்பகலில், பல்பு போட்டும் தெரியாத நபர் என்கிறது. இதுக்கு என்ன சொல்கிறீர்கள்?

சரி, இதில் தென்காசிக்காரருக்கு அரைப் பங்கு கொடுக்கிறேன். பழைய மென்பொருள், மழித்த முகத்துப் படம், நெஞ்சளவு தாடி, மூன்றும் சேர்ந்தால் முகம் ஒத்துப்போகிற மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். அப்பாவைத் தாடியோடு மூன்று நான்கு படம் புதிதாக ஏற்றுங்கள், பழையதை அழிக்க வேண்டாம். அந்தக் கேமராவே பிடித்த படமாக இருக்கட்டும். கல்யாண ஆல்பத்திலிருந்து ஏற்றாதீர்கள், ஸ்டுடியோ விளக்கில் மேக்கப்போடு இருக்கிற முகம் உங்கள் வாசலுக்கு என்றைக்கும் வரப்போவதில்லை.

தென்காசி: அரைப் பங்குதானா?

அவ்வளவுதான்.

இலஞ்சி: சாரல் தொடங்கினால் ராத்திரி முழுக்க வெள்ளைப் புகையாக இருக்கிறது. முகம் எங்கே, எதுவுமே தெரியவில்லை.

டோம் வகைக் கேமராவா? அந்தக் கண்ணாடிக் கவசத்தில் சாரல் துளி படிந்தால், கேமராவின் சொந்த வெளிச்சமே அதில் பட்டு உள்ளே திரும்பும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள், சேலைத் தலைப்பால் வேண்டாம், கீறும். ஒட்டடையும் இதே வேலையைச் செய்யும். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்திக்குப் பல்லி வரும், பல்லி லென்ஸில் உட்காரும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு நாலடி தள்ளி ஒரு விளக்குப் போட்டால் இந்தக் குடும்பம் மொத்தமும் அங்கே குடிபோய்விடும்.

சுரண்டை: எங்கள் வீட்டில் அக்கா வந்தால் தங்கை பெயர் வருகிறது.

எத்தனை மதிப்பெண் ஒத்துப்போனால் அதே ஆள் என்று சொல்ல வேண்டும் என்கிற பொருத்த அளவைக் கொஞ்சம் உயர்த்துங்கள், 75 என்றால் 80. ரொம்ப ஏற்றினால் தங்கையையே தங்கை இல்லை என்று சொல்லும். ஒரு கம்பெனியின் 80 இன்னொரு கம்பெனியின் 80 ஆகாது, அதனால் பக்கத்து வீட்டு எண்ணைக் கேட்காதீர்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் என்னிடம் வழியில்லை.

வடகரை: 12 அடி உயரத்தில் மாட்டியிருக்கிறோம். தெரியாத நபர் என்றே வருகிறது.

இறக்குங்கள்.

குற்றாலம் (விடுதி நடத்துபவர்): சீசனில் வருகிற விருந்தினர் முகங்களை எல்லாம் சேமித்து வைக்கலாமா? அடுத்த வருஷம் வந்தால் பெயர் சொல்லி வரவேற்கலாமே.

வேண்டாம் என்பேன். வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது வேறு, தொழிலுக்காக ஊரார் முகத்தைச் சேர்ப்பது வேறு. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, ஒரு வக்கீலைப் பாருங்கள். பெயர் சொல்லி வரவேற்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பண்பொழி: எதிர்வீட்டு வாசலும் சேர்ந்து தெரிகிறது. அவர்கள் முகங்களையும் ஏற்றிவிட்டால் அலர்ட் குறையுமல்லவா?

குறையும், எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தையும் குறையும். மறைப்புப் பகுதி என்று ஒரு செட்டிங் இருக்கும், அவர்கள் வாசலைக் கறுப்புக் கட்டம் போட்டு மூடுங்கள்.

கம்பிளி: முகம் தெரிந்தால் கதவு தானாகத் திறக்கும்படி பூட்டோடு இணைக்கலாமா?

கூடாது. சாதாரண வாசல் கேமராவுக்கு ஆழம் தெரியாது, உங்கள் போட்டோவை நீட்டினாலே நீங்கள்தான் என்று நம்பிவிடலாம். அலர்ட்டோடு நிறுத்துங்கள்.

மேக்கரை: சன்ஷேடில்தான் மாட்டியிருக்கிறோம், 13 அடி இருக்கும். எந்த செட்டிங்...

முதல் பதிலைப் படியுங்கள். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

அச்சன்புதூர்: அண்ணாச்சி, நேற்று ராத்திரி பல்பு போட்டுவிட்டேன். காலையில் அவர் பெயர் சரியாக வந்தது. ஆனால் கோயிலிலிருந்து திரும்பும்போது பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றி, மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு வந்தார். மறுபடியும் தெரியாத நபர்.

துண்டை எடுத்துவிட்டு வாசலுக்கு வரச்சொல்லுங்கள் அக்கா. தென்காசிக்காரரே, மூக்கை மூடினால் என்ன ஆகிறது, பார்த்தீர்களா?