ஒற்றுமையைக் கூடவே கொண்டுபோனவர்கள்

கேள்வி: சூடானிலிருந்து பிரிந்துபோன தெற்கு சூடான், இரண்டரை ஆண்டுக்குள் தனக்குள்ளேயே அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதே! ஒற்றுமையாக இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?
— ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: ஒற்றுமை என்ற சொல்லைச் சற்றுப் பார்த்துக் கையாளுங்கள், அந்த வட்டாரத்தில் அது ஓர் இடப்பெயர். நிமெய்ரி அதிபராக இருந்தபோது, தெற்கில் பெந்தியூ நகரைச் சுற்றி எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே எல்லைக் கோட்டைத் திருத்தி அந்த நிலத்தை வடக்கோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். தெற்கு கொதித்தெழுந்ததால் அது நடக்கவில்லை. 'அல் வஹ்தா', அதாவது ஒற்றுமை, என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. புல்லும் சதுப்பும் மாடுகளுமாக இருந்தவரையில் அந்த இடத்துக்கு இப்படியொரு பெயர் சூட்ட யாருக்கும் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். 2011-இல் நாடு இரண்டானபோது ஒற்றுமை மாநிலம் பிரிந்துபோனவர்களின் பங்கில் போய்விட்டது. 2017 பிப்ரவரியில் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டதும் அதே ஒற்றுமை மாநிலத்தின் சில பகுதிகளில்தான்.

ஒன்றாக இருந்திருந்தால் என்கிறீர்கள். இருந்தார்களே, 55 ஆண்டுகள் இருந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போரில் கழிந்தன. ஆங்கிலேயர் கிளம்பும்போது காலியான சுமார் 800 பதவிகளில் தெற்கத்தியருக்குப் பத்துகூடத் தேறவில்லை. 1955 டிசம்பரில் விடுதலைத் தீர்மானத்துக்குத் தெற்கு உறுப்பினர்களின் ஆதரவைப் பெறுவதற்காக, அவர்கள் கேட்ட கூட்டாட்சி 'முழுமையாகப் பரிசீலிக்கப்படும்' என்று நாடாளுமன்றம் வாக்களித்தது. வாழ்நாளில் ஒருமுறையேனும் அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்தவருக்கு அந்தச் சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. பரிசீலித்தார்கள், மறுத்தார்கள். 1960-இல் தெற்கின் ஞாயிறு விடுமுறையையும் எடுத்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். 1972-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் தன்னாட்சி தந்து, முதல் போரை முடித்துவைக்கக் கையெழுத்திட்ட நிமெய்ரியே, 1983-இல் அந்தத் தன்னாட்சிப் பகுதியை ஓர் ஆணையால் மூன்று துண்டாக்கி, நாடு முழுமைக்கும் ஷரியாச் சட்டத்தை விதித்தார். இரண்டாம் போர் மூண்டது.

அதை முடித்துவைத்த 2005 உடன்படிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது 'கவர்ச்சி' என்ற சொல். ஆறு ஆண்டுகளுக்குள் ஒற்றுமையைத் தெற்கத்தியரின் கண்ணுக்குக் கவர்ச்சியாக்க இரு தரப்பும் பாடுபட வேண்டும், அதன் பிறகு வாக்கெடுப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகளாகச் சோறு போடாமல் கையை மட்டும் ஓங்கிக்கொண்டிருந்த கணவனிடம், "ஆறு வருடம் தவணை தருகிறோம், அதற்குள் அவள் கண்ணுக்கு அழகாகத் தெரியப் பார்" என்று பஞ்சாயத்தார் சொன்ன கதைதான் இது. முதல் ஐந்து வருடம் அப்படியொரு தீர்ப்பு வந்ததையே அவன் மறந்திருப்பான். ஆறாவது வருடம் மீசைக்குச் சாயம் பூசி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மாமனார் ஊருக்குச் சாலை போட்டுத் தருவதாகச் சத்தியம் செய்து, கையில் ஒரு முழம் மல்லிகையோடு வந்து நிற்பான். அவளோ பெட்டியைக் கட்டிவிட்டு வண்டிக்கும் சொல்லியனுப்பியிருப்பாள். வாக்கெடுப்புக்குச் சில நாள்களே இருந்தபோது சூடான் அதிபர் பஷீர் தெற்கின் தலைநகர் ஜூபாவுக்குச் சென்று, பிரிவு தனக்கு வருத்தம் தரும், ஆனாலும் முடிவை மதிப்பேன் என்றார். வாக்குச்சீட்டில் ஒற்றுமைக்குப் பற்றிக்கொண்ட இரு கைகளும் பிரிவுக்கு உயர்த்திய ஒற்றைக் கையும் சின்னங்கள். 98.83 விழுக்காட்டினர் ஒற்றைக் கையைத் தேர்ந்தார்கள்.

இத்தனைக்கும் தெற்கின் படையை நடத்திய ஜான் கராங் பிரிவினை கேட்டவர் அல்லர். நாடு ஒன்றாகவே இருக்கட்டும், தலைநகர் கார்ட்டூமில் இருக்கும் ஆட்சி மாறட்டும் என்றவர் அவர். தனிநாடு கேட்ட தெற்கத்தியரோடும் சண்டையிட்டவர். 2005 ஜூலை 9-இல் முதல் துணை அதிபராகப் பதவியேற்று, மூன்று வாரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். ஒற்றுமைக்கு வாதாடக்கூடிய ஒரே தெற்குக் குரல் அவரோடு போயிற்று.

நான்கு எருதுகளையும் சிங்கத்தையும் பற்றிய பள்ளிக்கூடக் கதையோடு எனக்கு நெடுநாள் பகை உண்டு. அந்த நான்கில் மூன்று எருதுகளை நான்காவது மேயவிட்டதா என்று கதை சொல்லவே இல்லை என முன்பொருமுறை இதே பக்கத்தில் எழுதியதற்கு, எனக்கு நாட்டுப்பற்று போதாது என்று வந்த கடிதங்கள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அதற்காகப் பிரிவு நல்ல மருந்து என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. 2013 டிசம்பரில் தெற்கின் அதிபர் சல்வா கீரின் ஆட்களும் அவர் பதவி நீக்கிய துணை அதிபர் ரீக் மச்சாரின் ஆட்களும் டிங்கா, நூவேர் என்று இனவாரியாகப் பிரிந்து மோதியபோது, கார்ட்டூமில் கற்ற அதே வித்தைகளை ஜூபாவில் காட்டினார்கள்: எண்ணெய்ப் பணம் அவனவன் படைக்கு, பதவி அவனவன் இனத்துக்கு. தெற்கு போனதோடு தலைவலி போயிற்று என்று மூச்சுவிட்ட வடக்கின் கதையும் இதுதான். 2023 ஏப்ரல் 15 முதல் தளபதி புர்ஹானின் அரசு இராணுவமும் ஹெமெட்டியின் துணை இராணுவமான அதிரடிப் படையும் கார்ட்டூமையே சுடுகாடாக்கின. தெற்கு சண்டையிட்டதற்குப் பிரிந்தது காரணம் என்றால், வடக்கு சண்டையிட்டதற்கு எது காரணம் என்று அடுத்த அஞ்சலில் எழுதுங்கள்.

இரு நாடுகளுக்கும் இடையே மிச்சமிருக்கும் ஒற்றுமை ஒரு குழாய். தெற்கின் எண்ணெய், கடலைச் சேர வடக்கு வழியாகச் செங்கடலின் போர்ட் சூடான் வரை போக வேண்டும். 2012-இல் குழாய் வாடகைத் தகராறில் தெற்கு எண்ணெய் எடுப்பதையே நிறுத்தியது. 2024-இல் வடக்கின் போருக்கு நடுவே குழாய் உடைந்தது. ஜூபாவில் அரசு ஊழியருக்குச் சம்பளம் வரவில்லை.