உறவினர்கள் வாங்கித் தரும் ஆபத்தான பொம்மைகளை அவர்கள் மனம் நோகாமல் மறுப்பது எப்படி?

குழந்தைக்கு 14 மாதம், கணவர் வீட்டு ஆட்கள் விளக்கு எரிந்து பாடுகிற பொம்மைகளாக வாங்கிக் குவிக்கிறார்கள், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் புகுந்த வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். தனிக்குடித்தனமாக இருந்தால் அந்தப் பொம்மைகள் அன்றைக்கே பரணுக்குப் போயிருக்கும், இந்தக் கேள்வியும் வந்திருக்காது.

மனம் நோகாமல் மறுக்கும் வழி எனக்குத் தெரியாது. மறுக்காமல் இருந்து நான் பட்டதைச் சொல்கிறேன்.

2022 ஆகஸ்டில் என் மகனுக்கு ஒரு வயதும் நாலு மாதமும். நாங்கள் கோவில்பட்டியில் இருந்தோம். என் கணவரின் அக்கா, அதாவது மதினி, பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தார். மகனுக்கு ஒரு ஆமைப் பொம்மை கொண்டுவந்தார். இருட்டில் போட்டால் கூரை முழுக்க நட்சத்திரம் தெரியும், பாட்டும் பாடும். அதற்கு ஒரு மெல்லிய ரிமோட். அதன் அடியில் நகத்தால் நெருக்கி இழுத்தாலே ஒரு சின்னத் தட்டு வெளியே வரும். அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பட்டன் பேட்டரி. திருகாணி எதுவும் கிடையாது.

முதல் நாளே நான் இதைப் பார்த்துவிட்டேன். இரவு என் கணவரிடம் சொன்னேன். "அக்கா ஆசையா வாங்கிட்டு வந்திருக்கா, அவ ஊருக்குப் போற வரைக்கும் பொறு, அப்புறம் எடுத்து வச்சிடலாம்" என்றார். நானும் சரி என்றேன். அந்தச் சரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாலாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். பத்து நிமிடம் இருக்கும். இறங்கி வந்தபோது ரிமோட் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் கிடந்தது. பையன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்தால் விழுங்கவில்லை, அழுதான். "பல்லு மொளைக்குதுல்லா, எச்சி வடியத்தான் செய்யும். பேட்டரி கட்டிலுக்கு அடியில உருண்டு போயிருக்கும்" என்றார் அத்தை. கட்டிலை நகர்த்தினோம். பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினோம். முக்கால் மணி நேரம் போய்விட்டது.

இந்த இடத்தில் சிலர், பெற்றவள் கவனமாக இருந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்டாயிற்று, மருத்துவமனை வராந்தாவிலேயே என் காதுபடக் கேட்டார்கள். வீட்டில் ஏழு பெரியவர்கள் இருந்தோம். அத்தனை பேருக்கும் துணி துவைத்து, காயப்போட்டு, எடுத்து மடிப்பது ஒருத்தியின் வேலையாக இருந்தது. நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் அந்தத் துணியை வேறு யாராவது எடுத்திருக்க வேண்டும். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்கு மேலே வட்டமாக ஒன்று தெரிந்தது. முதலில் பார்த்தவர், காசு மாதிரி இருக்கிறது, வாழைப்பழம் கொடுங்கள், ரெண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும் என்றார். நான் கையோடு எடுத்துப் போயிருந்த காலித் தட்டைக் காட்டினேன். அப்போது ஓர் இளம் டாக்டர் வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓரத்துல ரெண்டு வளையமாத் தெரியுது. காசு இப்படித் தெரியாதும்மா, இது பேட்டரி. இங்க எடுக்க வசதி இல்ல, உடனே திருநெல்வேலி போங்க" என்றார். மதினியின் வீட்டுக்காரர்தான் வண்டி ஓட்டினார். மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து பையனின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த 55 கிலோமீட்டரும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு பத்தரைக்கு எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். டாக்டர் ஒரு கிண்ணத்தில் அதைக் காட்டினார். ஒரு பக்கம் கறுத்துப்போயிருந்தது. உணவுக்குழாயின் சுவர் வெந்திருந்ததால் எட்டு நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் கொடுத்தோம். புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிவிடலாம் என்று ஆறு வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள். சுருங்கவில்லை. இப்போது எல்லாம் சாப்பிடுகிறான்.

பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனம் கசிவதால்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். டாக்டர் சொல்லித்தான் உண்மை தெரிந்தது. பேட்டரி உடையவே வேண்டாம். ஈரமான சதையில் ஒட்டியதும் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. அது ஓடும் இடத்தில் சுண்ணாம்பைப் போல, அதைவிடக் கடுமையான காரம் உண்டாகிச் சதையை வேக வைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஆகிவிடும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பேட்டரிதான் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்கிறது. விளக்கு எரியாத 'செத்த' பேட்டரியிலும் இந்த வேலைக்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

சந்தேகம் வந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், விழுங்கவும் முடிகிறது என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சின்ன ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். சதை வேகும் வேகத்தைத் தேன் கொஞ்சம் குறைக்கிறது. தேன் பாட்டிலைத் தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

மதினியைக் கெட்டவராகக் காட்ட நான் இதை எழுதவில்லை. ஷார்ஜாவில் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பம் அது. பிரியமாகத்தான் வாங்கிவந்தார். பெட்டியில் ஐரோப்பியச் சந்தைக்கான 'சிஇ' என்று எழுத்துப் போட்டிருந்தது, அதை நம்பினார். அது பெரும்பாலும் தயாரிப்பவரே பொறுப்பேற்றுப் போட்டுக்கொள்ளும் குறி என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் சூட்கேஸில் வரும் பொம்மையை யார் பார்க்கிறார்கள்? திருவிழாக் கடைப் பொம்மையைத்தான் யார் பார்க்கிறார்கள்?

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் முதல் பிறந்தநாளுக்கு என் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து மரச் செப்புச் சாமான் வாங்கிவந்தார். சின்னதெல்லாம் வாயில் போய்விடும் என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்டிப் பெரிய உருப்படிகளாகப் பொறுக்கி எடுத்தது. அரக்குச் சாயம் போட்ட குடம், உரல், திருகை. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் செப்பு?" என்று அத்தை அதை அப்படியே பரணில் ஏற்றினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காப்பியைக் குடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். யார் கொண்டுவந்தது என்பதைப் பார்த்துத்தான் ஒரு பொம்மை நடுவீட்டுக்கு வருவதும் பரணுக்குப் போவதும். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் ஏணி போட்டு ஏறி நானே அதை இறக்கினேன். மரப் பொம்மை என்றாலே ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை, செப்பிலும் தொண்டையை அடைக்கிற உருப்படி உண்டு. மூன்று வயதுக்குக் கீழே 31.7 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் பொம்மையில் இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு அளவு. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அந்தக் குழாய் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

மறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மதினி ஊருக்குக் கிளம்பும் முன் அவரைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். "மதினி, இனி நீங்க எது வாங்கினாலும் நான் திறந்து பாத்துட்டுத்தான் அவன் கையில கொடுப்பேன். வேண்டாம்னா வேண்டாம்னு உங்க முகத்துக்கு நேராவே சொல்லிடுவேன்." அவர் அழுதார். "நான் வேணும்னா செஞ்சேன்?" என்றார். இல்லை என்றேன், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. ஏழு மாதம் என்னோடு போனில் பேசவில்லை, தம்பியிடம் மட்டும் பேசினார். இப்போது பேசுகிறார். போன வருடம் கடையிலிருந்தே பொம்மையைத் திருப்பிப் படமெடுத்து அனுப்பி, "ஏம்மா, இதுல திருகாணி இருக்கா பாரு" என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் இப்படி முடியும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. உங்கள் கணவரே பேசினால் நல்லது, அவருடைய ஆட்கள். அவர் பேசும்வரை காத்திருக்க மட்டும் வேண்டாம். பாடுகிற பொம்மைகள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, இன்று குழந்தை தூங்கியதும் ஒவ்வொன்றையும் ரிமோட்டோடு திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். காலையில் பொம்மை ஏன் பாடவில்லை என்று யாராவது கேட்டால், நான்தான் கழற்றினேன் என்று சொல்லுங்கள்.