நம்ம ஊர் வானொலிக்குக் காசு கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை சமுதாய வானொலி நடத்துகிறது. மாதம் 200 ரூபாய் தரச் சொல்லி வீடு வீடாகக் கேட்கிறார்கள். நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரமும் வருகிறது. அந்தப் பணம் போதாதா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சமுதாய வானொலியில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். 2024 வரை 7 நிமிடம்தான். 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த மத்திய அரசு விளம்பரக் கட்டணமும் அதே சமயத்தில் 74 ஆனது. 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். நிரம்பினால்தானே! அரசு விளம்பரம் வரும்போது வரும். வந்ததற்குப் பில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜவுளிக்கடை, நகைக்கடைக்காரர்களோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டாத வானொலியை விட்டுவிட்டுப் பெரிய எஃப்எம்மிடம் போய்விடுவார்கள்.

செலவில் பலரும் கவனிக்காத ஒன்று ஏசி. 50 வாட் டிரான்ஸ்மிட்டர் தினம் 12 மணி நேரம் ஓடினாலும் மாதம் 50, 60 யூனிட்தான் இழுக்கும். அந்த அறையின் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் என்று வைத்தால் மாதம் 360 முதல் 540 யூனிட். மே மாதத்து வேலூர் வெயிலில் அதை நிறுத்தவும் முடியாது. டிரான்ஸ்மிட்டர் சூடேறினால் தானே பவரைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் நின்றுவிடும். இதற்கு மேல் யூபிஎஸ் பேட்டரி, ஆண்டுதோறும் அலைவரிசைக் கட்டணம், இரண்டு மூன்று பேர் சம்பளம். ஆகவே 200 ரூபாய் கேட்பது நியாயம்தான். கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில், உரிமம் யார் பெயரில் இருக்கிறது? இயங்கும் நிலையங்களின் பட்டியல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். அதிலுள்ள அமைப்பின் பெயரும் ரசீதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உரிமத்தை இன்னொருவருக்குக் கைமாற்ற அனுமதி கிடையாது. ஜிபேயில் ஒரு தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். விளம்பர வருவாயை வானொலிச் செலவுக்குத்தான் பயன்படுத்த வேண்டும்; மீந்ததை அமைப்பின் மற்ற பணிகளுக்குத் திருப்பவே அமைச்சகத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிறார்களா என்பதே பாதிப் பதில்.

மூன்றாவதுதான் முக்கியம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்பது விதி. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தினம் ஒரு மணி நேரம் கேளுங்கள். சினிமா பாட்டு எத்தனை நிமிடம், நம் ஊர்க் குரல் எத்தனை நிமிடம் என்று குறித்துவையுங்கள். சொந்தமாகச் செய்தி வாசிக்க அவர்களுக்கு அனுமதியில்லை, ஆகாஷ்வாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். ஆனால் நாளைக்கு எங்கே கரண்ட் நிறுத்தம், தண்ணீர் எப்போது விடுவார்கள், பாலாற்றில் வெள்ள எச்சரிக்கை உண்டா, எந்தப் படிப்புக்கு விண்ணப்பம் தருகிறார்கள் என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். இவை வருகிறதா? தீப்பெட்டி ஒட்டும் பெண்ணும் தறிக்காரரும் வாய் திறக்கிறார்களா? வாரம் முழுக்கப் பாட்டும் வாழ்த்தும் மட்டும்தான் என்றால் 200 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் கல்லூரியின் வளாக வானொலி என்றால் பணமே வேண்டாம். அவர்களுக்குத் தேவை பேச வரும் ஆட்கள்.

கேள்வி: ஆகாஷ்வாணிக்கு நேயர்கள் நன்கொடை அனுப்பலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம். ஆகாஷ்வாணியை நடத்தும் பிரசார் பாரதி அரசு நிதியிலும் விளம்பரத்திலும் நடக்கிறது, நேயர்களிடம் வசூலிப்பதில்லை. அந்தக் காலத்தில் தபால் ஆபீசில் ரேடியோ லைசென்ஸுக்குப் பணம் கட்டினோமே, அதையும் 1980-களிலேயே எடுத்துவிட்டார்கள். வானொலி பெயரைச் சொல்லி யாராவது உண்டியல் நீட்டினால் அது வேறு கதை.

கேள்வி: மொத்தமாக 10,000 ரூபாய் தரலாம் என்றிருக்கிறேன். வரி எவ்வளவு மிச்சமாகும்?
– வாசகர், ஆரணி

பதில்: பெரிதாக ஆசைப்படாதீர்கள். அறக்கட்டளைக்கு, நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு இருந்தால், கொடுத்ததில் பாதி, அதாவது 5,000 ரூபாய், வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சம் 1,000, செஸ்ஸோடு 1,040. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு ஒரு பைசா கிடையாது.

இடறும் இடங்கள் சில உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு இல்லை. ஆகவே காசோலை, யுபிஐ, வங்கிப் பரிமாற்றம். பான் எண்ணைக் கொடுத்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்ததும் அறக்கட்டளை நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, மே 31-க்குள் உங்களுக்கு நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். சின்ன அமைப்புகள் கோட்டைவிடுவது இங்கேதான். மே முதல் வாரத்திலேயே ஒரு போன் போடுங்கள்.

இன்னொன்று: ரசீதில் ‘மூலநிதி’ என்று எழுதிவிட்டால் அந்தப் பணத்தை முதலீடாக வைத்து வட்டியைத்தான் செலவழிப்பார்கள். கரண்ட் பில்லுக்கு ஆகட்டும் என்று நினைத்துக் கொடுத்தால், ‘வானொலியின் நடைமுறைச் செலவுக்கு’ என்று ஒரு வரி எழுதிக் கூடவே கொடுங்கள்.

கேள்வி: மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்குள்ள பொது வானொலிக்கு மாதம் 10 டாலர் தருகிறான். நம் ஊர் வானொலிக்கும் அனுப்பலாமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: மகனிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. பாஸ்போர்ட் நகலை அறக்கட்டளைக்கு அனுப்பி வைப்பது நல்லது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும்; பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். பதிவு இல்லாத அமைப்புக்கு நேரடியாகப் போட்டால் மாட்டிக்கொள்வது அவர்கள். ‘அம்மா கணக்குக்கு அனுப்புகிறேன், நீ கொடுத்துவிடு’ என்ற குறுக்கு வழியும் வேண்டாம்.

அங்கே தரும் 10 டாலரை அவர் நிறுத்த வேண்டியதில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்துவிட்டது. நேயர் பணம்தான் இப்போது அந்த நிலையங்களுக்குப் பெரிய பிடிமானம்.

கேள்வி: பழைய கணினி, மைக் கொடுக்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: கேட்டுவிட்டுக் கொடுங்கள். கண்டென்சர் மைக் என்றால் அது இயங்க 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் மிக்ஸர் (ஒலிக்கலவைக் கருவி) அவர்களிடம் இருக்க வேண்டும். பத்து வருடக் கணினி அவர்கள் மூலையிலும் தூசிதான் சுமக்கும். பொருளாகத் தந்தால் 80ஜி கழிவும் இல்லை.

கேள்வி: ஒடுகத்தூரில் எங்கள் பக்கத்துச் சமுதாய வானொலி கரகரவென்றுதான் கேட்கிறது. பணம் கொடுத்தால் பவரைக் கூட்டுவார்களா?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: கூட்ட முடியாது. பொதுவாக அனுமதி 100 வாட் கதிர்வீச்சுத் திறன் (50 வாட் டிரான்ஸ்மிட்டரின் பவரை ஆன்டெனா குவித்து அனுப்புவதால் கிடைக்கும் அளவு), தரையிலிருந்து 30 மீட்டர் ஆன்டெனா உயரம். எஃப்எம் அலை நேர்க்கோட்டில் போகும். நடுவில் குன்று நின்றால் அதன் பின்னால் நிழல்தான். நம் பக்கம் குன்றுகளுக்கா பஞ்சம்!

ஆனால் முன்பு நன்றாகக் கேட்டு, மழைக்காலத்துக்குப் பிறகு மங்கியது என்றால் கோளாறு அவர்கள் பக்கம். ஆன்டெனாவோடு கேபிள் சேரும் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். மேலே போக வேண்டிய பவர் திரும்பி வரும், டிரான்ஸ்மிட்டர் பயந்து வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும். திரும்பும் பவர் எவ்வளவு என்று அதன் திரையிலேயே தெரியும்: 50 வாட்டில் ஒன்றிரண்டு வாட் என்றால் சரி, ஐந்தைத் தாண்டினால் கோபுரத்தில் ஆள் ஏற வேண்டும். கனெக்டரை மாற்றி, தண்ணீர் புகாத டேப்பை இறுக்கிச் சுற்றினால் போதும். இதற்காகப் புது டிரான்ஸ்மிட்டர் வாங்க நிதி திரட்டுகிறோம் என்றால் முதலில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒன்று செய்து பார்க்கலாம். 90.4 மெகாஹெர்ட்ஸ் நிலையம் என்றால் 79 சென்டிமீட்டர் செம்புக் கம்பி இரண்டு வெட்டி, ஒன்றை மேல்நோக்கியும் ஒன்றைக் கீழ்நோக்கியும் மரச்சட்டத்தில் கட்டுங்கள். நடுவில் டிவி கேபிளின் உள்கம்பியை ஒன்றோடும், அதைச் சுற்றியுள்ள கம்பி வலையை மற்றொன்றோடும் சேர்த்து மொட்டைமாடியில் நிறுத்துங்கள். மறுமுனையில் உள்கம்பியை ரேடியோவின் ஏரியலோடு சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். சட்டத்தை மட்டும் இரும்பில் செய்துவிடாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.