காப்பர்–செரியா (சீரியம் ஆக்சைடு) வினையூக்கியை எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே பாய்ச்சி மேற்பரப்பை ஆராயும் முறை) எடுத்தால், வினையின்போது காப்பர் எந்த நிலையில் இருந்தது என்று தெரியுமா?

கேள்வியில் உள்ளபடி, ரியாக்டரில் ஓட்டி முடித்த வினையூக்கியை எடுத்து எக்ஸ்பிஎஸ்-க்கு அனுப்பப் போகிறீர்கள். வினையின்போது இருந்த நிலை அதில் தெரியாது. கருவிக்குள் போன நேரத்தில் மேற்பரப்பு எப்படி இருந்ததோ, அதுதான் தெரியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

கருவி செய்யும் வேலை எளிமையானது. அலுமினியம் கே-ஆல்ஃபா எக்ஸ்ரே (1486.6 எலக்ட்ரான் வோல்ட்) பட்டு அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும், அதன் இயக்க ஆற்றலை அளந்து, அணு அதைப் பிடித்து வைத்திருந்த பிணைப்பு ஆற்றலைக் கணக்கிடுகிறோம். சில நானோமீட்டர் ஆழத்துக்குள் கிளம்பிய எலக்ட்ரான்கள்தான் ஆற்றலை இழக்காமல் வெளியே வரும். வினையூக்க ஆய்வில் இந்த முறைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். உப்சாலாவில் இதை வளர்த்தெடுத்த காய் சீக்பானுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கலும் அந்தச் சில நானோமீட்டரில்தான் இருக்கிறது. ஹைட்ரஜனில் ஒடுக்கப்பட்ட (ஆக்சிஜன் நீக்கி உலோகமாக்கிய) நுண்துகள் காப்பர், காற்றுப் பட்டதுமே மேலே ஆக்சைடாகத் தொடங்கிவிடும். ரியாக்டரைத் திறந்து, பொடியைக் குப்பியில் போட்டு, கூரியரில் அனுப்பினால் நீங்கள் அளப்பது பயண வழியில் உருவான ஆக்சைடையும் சேர்த்துத்தான். குளோவ் பாக்ஸில் (காற்று இல்லாத கையுறைப் பெட்டியில்) பிரித்து, காற்றுப் புகாத மாற்றுக் கலத்தில் வைத்துக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது, காப்பர் 2பி (காப்பரின் 2பி எலக்ட்ரான்கள் தரும் பீக்) மட்டும் போதாது. இரண்டு நேர்மின்னூட்டக் காப்பர் இருந்தால் 940-க்கும் 945 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (இனி வரும் எண்களும் இதே அலகில்) இடையே அகலமான துணைப் பீக் எழும். அதை வைத்து எளிதில் கண்டுகொள்ளலாம். உலோகக் காப்பரும் ஒற்றை மின்னூட்டக் காப்பரும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 932.5-ஐ ஒட்டி விழும். அவற்றைப் பிரிக்க எல்எம்எம் ஓஜே பீக் (உள் எலக்ட்ரான் போன இடத்தை இன்னொன்று நிரப்பும்போது வெளியேறும் இரண்டாவது எலக்ட்ரான் தரும் பீக்) வேண்டும்: இயக்க ஆற்றலில் உலோகம் 918.6 அருகே, குப்ரஸ் (ஒற்றை மின்னூட்டக் காப்பர்) ஆக்சைடு 916.8 அருகே.

செரியாவில் இன்னொரு கவனம் தேவை. வெற்றிடத்தில் எக்ஸ்ரே படப்பட நான்கு மின்னூட்ட சீரியம் தானே மூன்றாக இறங்கும். இரண்டு மின்னூட்டக் காப்பரும் அப்படி ஒடுங்கும். அதனால் காப்பர் 2பி, சீரியம் 3டி இரண்டையும் முதலில் குறைந்த நேரத்தில் எடுத்துவிட்டு, கடைசியில் மறுபடியும் எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டு முறை எடுத்ததும் மாறியிருந்தால் அந்த ‘மூன்று மின்னூட்டச் சீரியத்தின் சதவீதம்’ உங்கள் வினையூக்கியின் பண்பு என்று எழுத முடியாது. கார்பன் 1எஸ் பீக்கை 284.8-இல் நிறுத்தி மின்னேற்றத்தை (எலக்ட்ரான் இழந்த சாம்பிளில் மின்னூட்டம் தேங்கிப் பீக்குகள் நகர்வதை) திருத்தும் வழக்கத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், சீரியத்தின் 916.7 பீக் சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கார்பன் பகுதியில் 290 அருகே தெரிவதெல்லாம் கார்பனேட் அல்ல, சீரியம் 4எஸ் பீக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆக்சிஜன் 1எஸ்-இல் 531.5 அருகே வரும் தோளை (பீக்கை ஒட்டி எழும் சிறு மேட்டை) ‘ஆக்சிஜன் வெற்றிடம்’ (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத இடம்) என்று குறிக்கவே குறிக்காதீர்கள். இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் எப்படி வரும்? அங்கே பெரும்பாலும் இருப்பது ஹைட்ராக்சில், கார்பனேட், ஒட்டிய நீர். இந்தத் தவறு நல்ல இதழ்களில்கூடத் திரும்பத் திரும்ப வருகிறது.

வினை நடக்கும்போதே பார்க்க வேண்டுமென்றால் சில மில்லிபார் வாயுவில் அளக்கும் கருவிகள் உண்டு: பெர்லின் பெஸ்ஸி சிங்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்ரே தரும் துகள்முடுக்கியில்), நம் நாட்டில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில். காப்பர் வினையூக்கியால் இயங்கும் மெத்தனால் தொழிற்சாலை 50 முதல் 100 பார் அழுத்தத்தில் ஓடுகிறது என்பதால் அங்கும் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் காற்றில் கிடந்த பொடியைவிட அது வினைக்கு எவ்வளவோ நெருக்கம்.

இப்போதைக்குச் சாம்பிள் படிவத்தில் ‘காப்பர் எல்எம்எம் வேண்டும், காப்பர் 2பி, சீரியம் 3டி தொடக்கத்திலும் முடிவிலும்’ என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் எடுத்துத் தரமாட்டார்கள்.