பைன் அலமாரியில் ஸ்டெயின் திட்டுத் திட்டாக இருந்தால்

பைன் அலமாரிக்கு வால்நட் நிற ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) அடித்தது திட்டுத் திட்டாகிவிட்டது, இன்னொரு கோட் அடிக்கலாமா என்று படத்தோடு கேட்டிருந்தீர்கள்; ஸ்டெயின் அடிப்பதே தவறு என்கிறாராம் உங்கள் நண்பர். இன்னொரு கோட் அடிக்காதீர்கள். திட்டு மறையாது, வால்நட் நிறம் கறுப்பாகத்தான் போகும்.

முதலில் திட்டைப் பாருங்கள். வெளிறியிருந்தால் அங்கே பசை கசிந்து காய்ந்திருக்கிறது. கறுத்திருந்தால் மரமே குற்றவாளி: பைன் ஓரிடத்தில் குடிக்கும், ஓரிடத்தில் குடிக்காது. உங்கள் படத்தில் கறுத்துத்தான் தெரிகிறது.

1. 120 நம்பர் உப்புத்தாளால் இழைவாக்கில் தேய்த்து எடுங்கள், பிறகு 180.
2. மரம் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குடிக்க, மெழுகு நீக்கிய அரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு பூச்சு. காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தடவுங்கள்.
3. ஸ்டெயினைத் துணியால் பூசி, இரண்டு மூன்று நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பை விட்டுவிடாதீர்கள்.

முதலில் பலகையின் பின்பக்கம் செய்து பாருங்கள். அரக்கு போட்டால் நிறம் சற்று வெளுப்பாகத்தான் வரும். பெங்களூரு மழைக்காலத்தில் ஆயில் ஸ்டெயின் (எண்ணெயில் கலந்த ஸ்டெயின்) காய ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடுங்கள்.

"ஸ்டெயினே பாவம்" என்கிற உங்கள் நண்பர் தேக்குக்குச் சொன்னால் நானும் அவர் கட்சி. பேக்கிங் பெட்டி செய்கிற பைனுக்கு அந்த மரியாதை வேண்டாம்.