சின்ன லென்ஸ் வைத்திருப்பவர் காட்டுக்குப் போகலாமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 55-250 லென்ஸும் வாங்கியிருக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. பறவைகள் படத்தில் புள்ளியாகவே விழுகின்றன. பேச்சிப்பாறைப் பக்கம் காட்டுக்குள் போனால் நல்ல படம் கிடைக்குமா, பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா? ஊர்த் திருவிழாக்களையும் எடுக்க ஆசை."

காடு இப்போதைக்கு வேண்டாம். சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மர நிழலில் உங்கள் லென்ஸுக்கு வெளிச்சம் போதாது. யானைச் சாணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். பெரிய லென்ஸுக்கான காசும் பையிலேயே இருக்கட்டும். பறவை தானாகப் பக்கத்தில் வரும் இடத்தையும் மாதத்தையும் பிடித்துக்கொண்டால் 250 போதும்.

சுசீந்திரம், தேரூர் குளங்களில் தொடங்குங்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை இவை. வேம்பனூரும் அதே ஆண்டில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை இருக்கும். அதிலும் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லின் அறுப்பு முடிகிற சமயம் அருமையானது. பிப்ரவரிக் கடைசியில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் பேச்சிப்பாறை அணையை அடைப்பது வழக்கம். அதற்குப் பிறகு குளத்தில் தண்ணீர் இறங்கி, ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பிக்கும். உள்ளான்களும் நாரைகளும் இரை தேடிக் கரைக்கே வரும். அடுத்த பூவுக்கு உழும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் நடக்கும், அதற்கு உங்கள் லென்ஸ் தாராளம். காரிலிருந்து இறங்காமல் ஜன்னலில் ஒரு பயறுப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுங்கள். காரைக் கண்டு எழும்பாத பறவை, ஆள் இறங்கினால் எழும்பிவிடும்.

காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நிற்கும் பறவைக்கு ஷட்டர் 1/640, பறப்பதற்கு 1/1600 வையுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பாக 3200 கொடுத்தால் போதும். வெள்ளைக் கொக்கு கருத்த தண்ணீருக்கு முன்னால் நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள்.

வெயில் ஏறியதும் கிளம்பிவிடுங்கள். புத்தளம் உப்பளத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் கானல் அலையடிக்கும். சூடான காற்றினூடே தூரத்துப் பறவையை எடுத்தால் எந்த லென்ஸிலும் படம் கலங்கித்தான் வரும். லென்ஸ் சரியில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் மத்தியானத்தில் எடுத்தவர்களாக இருப்பார்கள்! அப்புறம், கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்பி எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தாலே தெரியும், எல்லாப் பறவையும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். கூடு இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

திருவிழாவுக்கு 250-ஐ வீட்டில் வைத்துவிட்டு 18-55 எடுத்துப் போங்கள். ராத்திரி என்றால் 50 எம்எம் 1.8. மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, பன்னிரண்டு கோயில்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிகிற சிவாலய ஓட்டம் உங்களுக்குப் பக்கம். எல்லாரும் புறப்படும் இடத்திலேயே குவிவார்கள். நீங்கள் பொன்மனை, கல்குளம் என்று நடுவழியில் விடியற்காலை வெளிச்சத்துக்குக் காத்திருங்கள். ஈர வேட்டியும் கையில் விசிறியுமாகக் களைத்து, "கோபாலா, கோவிந்தா" என்று வரும் முகங்கள் அங்கேதான் கிடைக்கும். இருட்டில் ஓடுகிறவர் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், கால் இடறிவிடும். குளத்தில் குளிப்பவர்களையும் விட்டுவிடுங்கள்.

குழந்தையை ஏந்தியபடி ஆள் தொங்கும் நேர்ச்சையான கொல்லங்கோடு தூக்கத் திருவிழாவில் எடுத்த குழந்தை படத்தை வெளியிடுமுன் பெற்றோரிடம் கேளுங்கள். கடற்கரையில் கரமடி வலையைக் கரைக்கு இழுப்பவர்களிடமும் முதலில் பேசுங்கள். சும்மா நின்றால் "வந்து ஒரு கை பிடியும்" என்பார்கள்; கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் பிடியுங்கள், அப்புறம் யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்குத் தெருவில் நின்றால் தலைகள்தான் தெரியும். முந்தின நாளே போய், ரத வீதியில் ஒரு வீட்டு மாடிக்கு அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.